பழங்கற்படியும் வன்தட்டுப்படியும்

கற்றல் நோக்கங்கள்

- படியெடுத்தல் என்னும் பழைய வழக்கத்தின் தேவையை உணர்தல்.
- வன்தட்டு, டாக்கிங் ஸ்டேஷன் ஆகியவற்றின் பயனை அறிதல்.
- ஒரு செயல்முறையை முறைமாறாமல் தமிழில் எழுதப் பழகுதல்.

நுழையும்முன்

ஒரு பொருள் ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை அது ஆபத்தில் இருக்கிறது. ஏட்டுச்சுவடிக்கும் கல்வெட்டுக்கும் இது பொருந்தும். கணினிக்குள் இருக்கும் நிழற்படத்திற்கும் பொருந்தும். தமிழர் இதனை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். அவர்கள் செய்த பணியையும் இன்றைய கருவி செய்யும் பணியையும் இப்பாடம் ஒப்பிட்டுக் காட்டுகிறது.

இடிப்பதற்கு முன் எழுதிவை

கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி என்னும் ஊர் உள்ளது. இன்று அது அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள சிவன் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்று முதலாம் இராசராச சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஆம் ஆண்டையொட்டி, ஆணையிட்டான். ஆனால், அந்தச் சுவர்களில் பல கல்வெட்டுகள் இருந்தன. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எத்தனை விளக்குக்குப் பொருள் வைத்தார் என்பனவற்றிற்கெல்லாம் அவையே சான்று. சுவர் இடிந்தால் சான்றும் அழியும்.

ஆகவே, கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்குமாறு பணிக்கப்பட்டது. பிறகே பழைய விமானம் பிரிக்கப்பட்டது. புதிய விமானம் எழுந்தபின், இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், புத்தகத்தில் இருந்தவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. பழைய கல்வெட்டின் படி என்னும் பொருளில் 'பழங்கற்படி' என்னும் சொல் கல்வெட்டுகளில் வழங்குகிறது.

இங்குச் செயல்களின் வரிசையைக் கவனிக்கவேண்டும். முதலில் படி, பிறகு இடிப்பு, அதன்பின் புதிய இடத்தில் பதிவு. வரிசை மாறியிருந்தால் ஓர் ஊரின் வரலாறே மறைந்திருக்கும்.

திருமலையின் செப்பேடுகள்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக ஒன்றாக வாழ்கின்றன. அப்பகுதியில் உள்ள ஊர்களுள் ஒன்று வெதுருகுப்பம். ஊர்ப்பெயரின் முற்பகுதியாகிய 'வெதுரு' என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும் சொல். சங்கத்தமிழில் மூங்கிலுக்கு 'வெதிர்' என்று ஒரு பெயர் உண்டு. இரு மொழிகளும் உறவுடையவை என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும். திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்திருப்பதும் இந்த உறவின் அடையாளமே.

திருமலையில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கில் 32,000 கீர்த்தனைகளை இயற்றினார் என்பது மரபு. ஓலையில் எழுதியதைக் கரையான் அரிக்கும், நீர் அழிக்கும். எனவே, அவருடைய குடும்பத்தினர் அப்பாடல்களைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிற்றறையில் வைத்தனர். காலப்போக்கில் அந்த அறையை உலகம் மறந்தது. 1922ஆம் ஆண்டில் அச்செப்பேடுகள் வெளிப்பட்டன. செம்பில் படியெடுத்திராவிட்டால் இன்று மேடைகளில் ஒலிக்கும் அப்பாடல்களுள் பல ஒலிக்கமாட்டா.

படியில்லாமல் போனவை

எல்லா ஏடுகளுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளை எந்தப் பணத்தாலும் வாங்க முடியவில்லை.

இதற்கு எதிரான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாள் முழுவதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டுவெளியீடுகளையும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தார். பின்னர்ச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றது. நொறுங்கும் நிலையிலிருந்த தாள்கள் நுண்படச் சுருள்களில் படியெடுக்கப்பட்டன. தாள் ஒருநாள் உதிரலாம், எழுத்து உதிராது.

வன்தட்டு என்னும் ஏடு

இன்று பெரும்பாலான வீடுகளின் ஏடு கணினிக்குள் இருக்கிறது. 'ஹார்ட் டிஸ்க்' என்று மக்கள் வழங்கும் வன்தட்டே அந்த ஏடு. அதற்குள் கண்ணாடி போல் வழவழப்பான வட்டத் தட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் காந்தப்பூச்சு உண்டு. தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வது வழக்கம். தட்டின்மீது படாமல், மயிரிழையைக் காட்டிலும் மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கும் சிறு முனை ஒன்று காந்தப்புள்ளிகளை எழுதுகிறது, படிக்கிறது.

உலகின் முதல் வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 61 செ.மீ. விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. முழு இயந்திரமும் ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. ஆயினும், அதில் 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே வைக்க முடிந்தது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அந்த இடம் போதாமல் போகலாம். உள்ளங்கையில் அடங்கும் இன்றைய வன்தட்டு ஒரு டெராபைட், அதாவது ஓர் இலட்சம் கோடி பைட் தாங்குகிறது.

இத்தகைய ஆற்றலுக்கு நடுவே ஒரு மெலிவும் உண்டு. வன்தட்டு கீழே விழுந்தால் முனை தட்டில் மோதும். ஆண்டுகள் கடந்தால் சுழலும் உறுப்புகள் தேயும். ஓலையைக் கரையான் அரிப்பது கண்ணுக்குத் தெரியும். வன்தட்டு அழிவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. நேற்றுவரை வேலை செய்த தட்டு இன்று காலை 'டிக், டிக்' என்று ஒலித்துவிட்டு நின்றுபோகும்.

டாக்கிங் ஸ்டேஷன்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் வெதுருகுப்பத்திலிருந்து வேலைக்காக வடநாட்டு நகர் ஒன்றிற்குக் குடிபெயர்ந்தவர்கள். ஊரில் தாத்தாவின் வீட்டில் ஒரு பழைய கணினி. அது இப்போது இயங்குவதில்லை. ஆனால், அதன் வன்தட்டில் அத்தையின் திருமணப் படங்கள் இருக்கின்றன. நிலப் பத்திரத்தின் படி இருக்கிறது. மறைந்த பாட்டி பாடிய தாலாட்டு ஒலிப்பதிவாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அக்குரலை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கணினி பழுதானால் தாலாட்டும் போனதாகுமா?

ஆகாது. கணினியின் பிற உறுப்புகள் பழுதானாலும் வன்தட்டு நலமாக இருக்கக்கூடும். அதனைக் கழற்றி வேறு கணினியில் படிக்க உதவும் கருவியே டாக்கிங் ஸ்டேஷன். ரொட்டி வாட்டும் கருவியில் ரொட்டித் துண்டைச் செங்குத்தாகச் செருகுவதுபோல, இதன் மேற்புறத்திலுள்ள இடத்தில் வன்தட்டைச் செருகவேண்டும். இரண்டு, நான்கு, ஐந்து என்று பல செருகுமிடங்கள் கொண்ட கருவிகளும் உண்டு.

இக்கருவி இரு பணிகளைச் செய்கிறது.

முதற்பணி, திறந்து பார்த்தல். யுஎஸ்பி வடத்தால் கருவியைக் கணினியோடு இணைத்தால், செருகிய ஒவ்வொரு வன்தட்டும் தனித்தனியாகத் திரையில் தோன்றும். தேவையான கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பணி, முழுப்படி எடுத்தல். கருவியின் பொத்தானில் இதற்குக் 'குளோன்' என்று பெயர். இதற்குப் பல கருவிகளில் கணினியே தேவையில்லை. ஒரு வன்தட்டிலுள்ள அனைத்தும் மற்றொன்றுக்கு அப்படியே செல்லும்.

மேசைக்கணினியின் 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் மின்சாரமும் தேவை. அதனை யுஎஸ்பி வடம் மட்டும் தர இயலாது. ஆகவேதான் டாக்கிங் ஸ்டேஷனுக்குத் தனி மின்வழங்கி இருக்கிறது. மடிக்கணினியின் 2.5 அங்குல வன்தட்டும் இதே இடத்தில் பொருந்தும். ஆனால், இரண்டும் 'சாட்டா' வகை இணைப்பு உடையனவாக இருத்தல் வேண்டும். மிகப் பழைய கணினிகளில் அகன்ற பட்டை வடத்தோடு இணைந்திருக்கும் வன்தட்டு இதில் பொருந்தாது.

நகலும் முழுப்படியும்

கோப்பை நகலெடுப்பதும் முழுப்படி எடுப்பதும் ஒன்றல்ல. கல்வெட்டு அறிஞர்களின் பணி இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கும்.

கல்வெட்டைப் பார்த்து ஒருவர் தம் ஏட்டில் எழுதிக்கொண்டால், அவர் படிக்க முடிந்த எழுத்துகள் மட்டுமே ஏட்டில் இருக்கும். மைப்படி எடுப்பது வேறு. கல்லைத் தூய்மை செய்து, ஈரத்தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தாளை எழுத்தின் பள்ளங்களில் பதியச் செய்வர். பிறகு மையை ஒற்றுவர். பள்ளத்தில் மை படாது. எழுத்து வெள்ளையாகத் தெரியும். அத்தாளில் எழுத்து மட்டுமா இருக்கும்? கல்லின் விரிசலும் சிதைவும் வெற்றிடமும் சேர்ந்தே இருக்கும்.

கோப்புகளை நகலெடுத்தல் ஏட்டில் எழுதிக்கொள்வது போன்றது. முழுப்படி எடுத்தல் மைப்படி போன்றது. கோப்புகள், கணினியின் இயங்குதளம், மறைவான பகுதிகள், வெற்றிடம் ஆகிய எல்லாம் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே படியாகும். அழித்துவிட்டோம் என்று எண்ணிய கோப்புகளின் எச்சமும், புகுந்திருக்கும் வைரசும்கூட உடன் வரும். எனவே, முழுப்படியைப் பிறரிடம் கொடுக்குமுன் நன்கு சிந்திக்கவேண்டும்.

செய்முறை

1. இரு வன்தட்டுகளின் கொள்ளளவையும் அவற்றின்மேல் ஒட்டியுள்ள தாளில் பார்த்து எழுதிக்கொள்க. படி ஏற்கும் இலக்குத் தட்டு, மூலத் தட்டுக்குச் சமமாகவோ அதனினும் பெரியதாகவோ இருத்தல் வேண்டும்.
2. இலக்குத் தட்டில் வேண்டிய கோப்பு எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்க. அதில் இருந்தவை அனைத்தும் அழியும்.
3. மூலத் தட்டில் 'மூலம்' என்றும், மற்றதில் 'இலக்கு' என்றும் சிறு தாள் ஒட்டுக.
4. கருவியின் கையேட்டைப் படித்து, எந்தச் செருகுமிடம் மூலத்திற்கு உரியது, எது இலக்கிற்கு உரியது என்று அறிக. இது கருவிக்குக் கருவி மாறும்.
5. மின்சாரத்தை நிறுத்திய நிலையில் இரு தட்டுகளையும் உரிய இடங்களில் செருகுக. கணினியில்லாமல் படியெடுக்கும்போது யுஎஸ்பி வடத்தைக் கழற்றிவிடுக.
6. மின்சாரம் தந்து, தட்டுகள் சுழலத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, கையேட்டில் கூறியவாறு குளோன் பொத்தானை அழுத்துக.
7. விளக்குகள் 25, 50, 75, 100 விழுக்காடு என்று முன்னேற்றத்தைக் காட்டும். பணி முடியும்வரை கருவியை அசைத்தலும் மின்சாரத்தை நிறுத்துதலும் கூடாது.
8. முடிந்தபின் மூலத் தட்டை எடுத்துவிட்டு, இலக்குத் தட்டை மட்டும் கணினியோடு இணைத்துக் கோப்புகளைத் திறந்து பார்க்க.

எட்டாம் படியில் இரண்டையும் ஒருசேர இணைக்கலாகாது. இரு தட்டுகளும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கி நிற்கும். கணினி குழம்பி ஒன்றை ஏற்க மறுக்கும். மேலும், பழைய வன்தட்டை இணைத்தவுடன் 'இதனை ஃபார்மேட் செய்யவா?' என்று கணினி கேட்டால், வேண்டாம் என்றே விடையளிக்கவேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு டெராபைட் வன்தட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படியெடுப்பதாகக் கொள்வோம். 10,00,000 மெகாபைட்டை 150ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6,667 நொடிகள் வரும். அது 1 மணி 51 நிமிடம். தட்டில் பத்துப் படங்களே இருந்தாலும் நேரம் குறையாது. வெற்றிடமும் படியாகிறது அன்றோ!

மீளாப் பிழை

இச்செயலில் ஒரு பிழைக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. மூலமும் இலக்கும் இடம் மாறினால், வெற்றுத் தட்டின் வெறுமை பாட்டியின் தாலாட்டுமேல் எழுதப்படும். கருவி எதையும் கேட்காது, சொன்னதைச் செய்யும். திருமழபாடியில் படியெடுக்குமுன் சுவரை இடித்ததற்கு அது ஒப்பாகும். ஆகவே, பொத்தானை அழுத்துமுன் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் ஒட்டிய தாள்களைச் சரிபார்ப்பது நன்று.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வன்தட்டு விந்தையாக ஒலித்தாலோ, பலமுறை நின்று நின்று இயங்கினாலோ, டாக்கிங் ஸ்டேஷனில் முழுப்படிக்கு முயலக்கூடாது. ஒவ்வொரு சுழற்சியும் அதனை மேலும் சிதைக்கும். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

ஒன்றுக்கு மூன்று

முழுப்படி எடுத்ததோடு கடமை முடிவதில்லை. மூலமும் படியும் ஒரே அலமாரியில் இருந்தால், ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். எனவே, மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பது கணினித் துறையினர் கூறும் எளிய விதி. ஒரு படி வெதுருகுப்பத்தில் தாத்தாவிடம். ஒரு படி வடநாட்டு வீட்டில். தாலாட்டும் படங்களும் மட்டும் இணையச் சேமிப்பகத்தில். குடிபெயர்ந்த குடும்பத்திற்கு இவ்விதியைப் பின்பற்றுதல் எளிது. அவர்களுக்கு ஊர்கள் இரண்டு அல்லவா?

அந்தக் குடும்பத்தில் ஒருநாள் மாலை புதிய வன்தட்டு கணினியோடு இணைக்கப்படும். ஒலிப்பதிவு திறக்கும். பாட்டியின் குரலைப் பேத்தி முதன்முறையாகக் கேட்பாள். சோழர்காலத்து எழுத்தன் புத்தகத்தில் எழுதிவைத்ததும், அன்னமாச்சாரியாரின் குடும்பத்தார் செம்பில் பொறித்ததும் இதற்காகவே. பின்னால் வருவோர் கேட்கவேண்டும் என்பதே படியெடுப்போர் எல்லோருடைய விருப்பமும் ஆகும்.

சொற்பொருள்

- படி – மூலத்தைப் பார்த்து எடுத்த ஒத்த வடிவம்
- விமானம் – கருவறைமேல் எழுப்பும் கட்டடம்
- செப்பேடு – செம்புத் தகட்டில் பொறித்த ஆவணம்
- மைப்படி – கல்வெட்டின்மேல் தாளைப் பதித்து மையொற்றி எடுக்கும் படி
- வெதிர் – மூங்கில்
- எச்சம் – எஞ்சி நிற்பது

பயிற்சி

அ. பிரித்தெழுதுக.
1. பழங்கற்படி 2. செப்பேடு 3. ஏட்டுச்சுவடி 4. வன்தட்டு

ஆ. 'படி' என்னும் சொல் ஒவ்வொரு தொடரிலும் தரும் பொருளை எழுதுக.
1. கோயிலின் படியில் அமர்ந்தான்.
2. ஒரு படி அரிசி வாங்கினாள்.
3. பாடத்தை நன்றாகப் படி.
4. பத்திரத்தின் படி தாத்தாவிடம் உள்ளது.
5. ஆசிரியர் சொன்னபடி செய்தனர்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. திருமழபாடியில் கல்வெட்டுகள் ஏன் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன?
2. டாக்கிங் ஸ்டேஷனுக்குத் தனி மின்வழங்கி ஏன் தேவைப்படுகிறது?
3. மூலத் தட்டையும் முழுப்படியையும் ஒரே கணினியில் ஒருசேர இணைக்கலாகாது. ஏன்?

ஈ. கணக்கிடுக.
500 ஜிகாபைட் வன்தட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் முழுப்படி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? (1 ஜிகாபைட் = 1,000 மெகாபைட்)

உ. ஒரு பத்தியில் எழுதுக.
கோப்புகளை நகலெடுத்தலுக்கும் முழுப்படி எடுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மைப்படியோடு ஒப்பிட்டு விளக்குக.

ஊ. செயல்திட்டம்
உங்கள் வீட்டில் ஒரே ஒரு படியாக இருக்கும் பழைய நிழற்படம், கடிதம், ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது யாருடையது, எந்த ஊரில் உருவானது, அதன் படியை எங்கே வைக்கலாம் என்பதைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.